பஞ்சுக்குள் நவாபு

இது எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. கொரோனா முடிந்து கல்யாண மண்டபங்கள் மறுபடி திறந்த முதல் வைகாசியா, அதற்கடுத்த வைகாசியா என்பதில் குழப்பம் இருக்கிறது. சீருக்குப் போன மெத்தைகள் மூன்று என்று பக்ருன்னிசா சொல்வாள். நாலு என்பான் அவள் புருஷன் ஜுல்பிகர். இருவரும் அன்று ஒரே வண்டியில் போனவர்கள். அவர்களுக்கே இப்படி என்றால், காதால் கேட்டதை வைத்துச் சொல்கிறவருக்கு எவ்வளவு சரியாகத் தெரியும்? வெள்ளிக்கிழமை என்பது மட்டும் சரி. அதில் ரெண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

நெல்பேட்டையில், ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து ஒன்றில் அவர்கள் மெத்தைக் கடை. முன்னால் கடை, நடுவில் பஞ்சு அறை, பின்னால் வீடு. பஞ்சு அறைக்குள் நுழையாமல் வீட்டுக்குள் போக வழியில்லை. அதனால் சோற்றுத் தட்டிலும் பஞ்சு கிடக்கும், தொழுகைப் பாயிலும் கிடக்கும். போடிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக இலவம்பஞ்சு வந்து இறங்கும். பக்ருன்னிசா மூக்கில் துணி கட்டிக்கொண்டு விதை பொறுக்குவாள். ஜுல்பிகர் செல்லூர்த் தறியில் நெய்த கோடுபோட்ட துணியில் உறை தைத்து, பஞ்சு திணித்து, வாயைத் தைத்து, கம்பால் தட்டிச் சமன் பண்ணுவான். பிறகு முழ நீள ஊசியை மேலிருந்து கீழே குத்தி இழுத்து, சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவான். அவனுடைய தகப்பனார் முகம்மது கனி முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசுவார். நடுநடுவே இருமுவார். நாற்பது வருஷப் பஞ்சு அவர் நெஞ்சில் இருந்தது.

எலிக்காக வைத்திருந்த பூனை பங்குனியில் அந்தப் பஞ்சு அறைக்குள் மூன்று குட்டி போட்டது. எட்டாம் நாள் சந்து முனையில் லோடு ஆட்டோவில் அடிபட்டுச் செத்தது. இரண்டு குட்டிகள் மறுநாளே போய்விட்டன. மூன்றாவது மட்டும் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்து விடாமல் கத்தியது. அந்தக் கத்தலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பக்ருன்னிசா அதை எடுத்தாள். கண் திறக்காத சாம்பல் நிறக் குட்டி. ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

மெடிக்கலில் மருந்து விடும் குழாய் வாங்கி ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். தாய் நக்கிவிடாத குட்டிக்கு மூத்திரம் போகாது, ஈரப்பஞ்சால் துடைத்துவிட வேண்டும் என்று ஆட்டுக்கறிக் கடைக்காரர் சொன்னார். வீடு நிறையப் பஞ்சு இருந்தும் அதற்கென்று தனியாகப் பஞ்சு வாங்க வேண்டியிருந்தது. இலவம்பஞ்சு தண்ணீர் குடிக்காது.

"பஞ்சுக் கடைக்காரி மெடிக்கல்ல போயிப் பஞ்சு வாங்குறா. இது எங்க போய்ச் சொல்ல?" என்று ஜுல்பிகர் சிரித்தான். குட்டிக்கு நவாபு என்று பெயர் வைத்ததும் அவன்தான். "இம்புட்டுப் பணிவிடை நம்ம பரம்பரைல ஒருத்தனுக்கும் நடந்ததில்ல, பக்ரு."

கனி மட்டும் சிரிக்கவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் சொன்னார்.

"பூனை இருக்கட்டும்மா. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கடைக்கு வாரவன் கண்ணுலயும் படக்கூடாது, காதுலயும் விழக்கூடாது. பூனை முடி கெடக்கிற பஞ்சுன்னு ஒருத்தன் சொல்லிட்டா ஊரே சொல்லும். இழுப்பு இருக்கிறவன் நம்ம மெத்தைல படுப்பானா?"

"படாம வளக்குறேன் மாமா."

"வளக்குறது பெருசில்ல. அடக்கமா வளக்கணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒற்றைக் குட்டியை வளர்ப்பது கஷ்டம் என்பது அவளுக்குப் போகப்போகத்தான் தெரிந்தது. நவாபுக்கு விளையாட்டு என்றால் கடிதான். பல் முளைத்ததும் அவள் விரலை எலும்பு வரை கடித்தது. கூடப் பிறந்த குட்டி இருந்திருந்தால் அது திருப்பிக் கடித்திருக்கும், வலி என்றால் என்ன என்று இதற்கும் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அதனால் ஒவ்வொரு கடிக்கும் அவளே "இஸ்" என்று கையை உருவிக்கொண்டு, எழுந்து போய் அடுப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். குட்டி வந்து அவள் சேலையோரத்தில் நின்று பார்க்கும். பத்துப் பதினைந்து நாளில் கடி, கவ்வலாகக் குறைந்தது. பிறகு நாக்கு மட்டும்தான் பட்டது.

கத்தலைக் குறைப்பது அவ்வளவு லேசாக இல்லை. கத்தினால் பால் கிடையாது. வாயை மூடிய பிறகுதான் கிண்ணம் வரும். மூட்டைக்குள் விட்டதும் கத்தினால் முகத்தில் ஒரு ஊது ஊதுவாள். அது கண்ணை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பும். மறுபடி கத்தினால் மறுபடி ஊதுவாள். மூலையில் பாதி காலியான ஒரு பழைய மூட்டை அதற்கென்று இருந்தது. அவள் கதவில் ரெண்டு தட்டுத் தட்டினால் ஓடிப்போய் உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும். அவள் வந்து மூட்டையை அசைத்து, "போயாச்சு, வா" என்று சொன்னால்தான் வெளியே வர வேண்டும். வந்தால் ஒரு துணுக்கு ஈரல்.

சித்திரை முடிவதற்குள் நவாபு அதையெல்லாம் கற்றுக்கொண்டது. கடையில் ஆள் இருக்கும்போது அது இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வரும். ஒருநாள் மூட்டையை அசைக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அப்போதும் அசையாமல் படுத்திருந்தது. கனியே ஆச்சரியப்பட்டார்.

"நம்ம வீட்டுல இது ஒண்ணுதாம்மா சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றி அவள் பிறகு ஒருவரிடமும் பேசியதில்லை.

திருமங்கலத்து நல்லகாமன் மகள் தமிழ்வாணிக்குச் சீர் மெத்தை கேட்டு வந்தது வைகாசியில். உரக்கடை வைத்திருந்த ஆள் அவர். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி எட்டரைக்கே வந்து நின்றார். கூட அவர் சம்சாரம் ஒச்சம்மாளும் ஒரு மச்சினனும் வந்திருந்தார்கள்.

"என்ன பாய், வெள்ளன வந்துட்டோம்னு பாக்குறீகளா? எங்க கண்ணு முன்னால நிறுக்கணும், கண்ணு முன்னால திணிக்கணும். மேல இலவம், உள்ள கந்தல்னு எங்க மதினி வீட்டுல ஏமாந்துட்டாக" என்றார் நல்லகாமன்.

"வாங்கண்ணே. தாராளமா நின்னு பாருங்க. ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் ஜுல்பிகர்.

அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பக்ருன்னிசா ரெண்டு தட்டுத் தட்டிவிட்டாள். அறைக்குள் ஒரு சாம்பல் நிறம் ஓடி மறைந்தது. மூலை மூட்டைக்கு முன்னால் வியாழக்கிழமை வந்து இறங்கிய புது மூட்டைகள் அடுக்கிக் கிடந்ததை அந்த நேரத்தில் அவள் நினைக்கவில்லை. வாய் திறந்திருந்த ஏதோ ஒரு மூட்டைக்குள் நவாபு போயிருக்கிறது.

சின்ன மெத்தைகள் ஏற்கெனவே தயார். மிச்சமிருந்த பெரிய மெத்தைக்கு இரண்டு மூட்டை தேவைப்பட்டது. இரண்டாவதை எடை மிஷினில் வைத்தபோது முக்கால் கிலோ கூடக் காட்டியது.

"கூடத்தான் இருக்குண்ணே. எடுக்கல. சீருக்குப் போறது, இருந்துட்டுப் போகட்டும்" என்றான் ஜுல்பிகர். ஒச்சம்மாள் முகம் மலர்ந்தது. அவன் மூட்டை வாயை உறை வாயோடு சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்து உதறினான். கம்பால் தள்ளினான். தைத்தான். தட்டினான். ஊசி போட்டான். பதினோரு மணிக்கு லோடு ஆட்டோ வந்தது. ஒச்சம்மாள் மெத்தைகளின் மேல் ஒரு முழம் பூ வைத்தாள். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிறது என்று ஜுல்பிகர் குளிக்க ஓடினான். பக்ருன்னிசா சோறு வடிக்கப் போனாள்.

அவள் மறந்துவிட்டாள். அவ்வளவுதான். கத்துகிற குட்டியாக இருந்தால் ஞாபகப்படுத்தியிருக்கும்.

ரெண்டரை மணிக்கு, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஈரல் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு புது மூட்டைகளைத் தள்ளி மூலை மூட்டையை அசைத்தாள். "போயாச்சு, வா." மூட்டை காற்றாக இருந்தது. கையை விட்டுப் பார்த்தாள். அடுத்ததை அசைத்தாள். அதற்கடுத்ததை. பிறகு ஒவ்வொரு மூட்டையாகத் தரையில் கவிழ்க்க ஆரம்பித்தாள். அறை முழுக்க வெள்ளையாகப் பறந்தது. ஜுல்பிகர் வந்து வாசலில் நின்றபோது அவள் தலை, புருவம் எல்லாம் பஞ்சாக இருந்தது.

"என்னத்தத் தேடுற?"

காலியாக மடித்துக் கிடந்த இரண்டு சாக்குகளைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"தெருப்பக்கம் போயிருக்கும்" என்றான்.

"நான் சொல்லாம வராது. நான் சொல்லாம அது எங்கயும் வராதுங்க."

முன்னாலிருந்து கனி எழுந்து வந்தார். நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். விஷயத்தை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அத்தா, கல்யாண வீடு" என்றான் ஜுல்பிகர். "சீர் மெத்தைக்குள்ள பூனைன்னு போய் நின்னா இனிமே திருமங்கலம் பக்கமிருந்து ஒருத்தன் நம்ம படி ஏறமாட்டான். செத்துக் கெடந்துச்சுன்னா அடியே விழும்."

"விழட்டும்" என்றார் கனி. "பூனைய அடைச்சுப்போட்டுச் சாகவிட்டா மறுமைல என்ன கேள்வி வரும்னு சின்னப் புள்ளைலயே ஓதிக்குடுத்திருக்காக. நம்ம அடைக்கல, தச்சுட்டோம். போடா. ரெண்டு பேரும் போங்க."

எக்ஸெல் வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பையில் கத்தரிக்கோல், ஊசி, நூல். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையவில்லை. பழங்காநத்தம் தாண்டியதும் காற்று அடுப்புக்கு எதிரே நிற்பது போல் முகத்தில் அடித்தது. இந்த வெயிலில்தான் காலையில் அந்த ஆட்டோ மேல்மூடி இல்லாமல் போயிருக்கும். அவள் கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தாலும் மனசு போட்டுக்கொண்டே வந்தது. ஒன்பது மணியிலிருந்து மூன்று மணி. மூக்குக்குள் பஞ்சு போனால் அவளுக்கே தும்மல் நிற்க அரை மணி ஆகும். அதன் மூக்கு ஒரு மிளகு அளவு.

திருப்பரங்குன்றம் பாலத்துக்குக் கீழே சிக்னலில் வண்டி நின்றது.

"பக்ரு."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

வண்டி கிளம்பியது. தனக்கன்குளத்துப் பக்கம் அவன் தானாகவே ஓரம் கட்டினான். இறங்கவில்லை, திரும்பவுமில்லை. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பெரிய மெத்தைல, தலமாட்டுப் பக்கமா ரெண்டாவது வரிசைல ஒரு ஊசி சரியா எறங்கல. விதைக் கட்டின்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அழுத்திட்டேன்."

லாரி ஒன்று அவர்களை உரசுவது போல் போனது.

"கத்துச்சா?"

"கத்தல. கத்தியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அவள் தலையை அசைத்தாள். ஊசி பட்டாலும் அது கத்தாது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. வண்டி கப்பலூர் தாண்டித் திருமங்கலம் வந்தது.

நல்லகாமன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆள்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே பலகாரம் சுடுகிற எண்ணெய் வாசம். மெத்தைகள் புது அறையில் கட்டில் மேல் கிடந்தன. வாடிய பூவும் அப்படியே இருந்தது.

"என்ன பாய், வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துருக்கீக? கல்யாணம் ஞாயித்துக்கெழமல்ல?" என்றார் நல்லகாமன்.

ஜுல்பிகர் வழியில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "அண்ணே, மன்னிக்கணும். ஒரு ஊசி கொறையுது. பெரிய மெத்தைக்குள்ள தங்கிருச்சோன்னு சந்தேகம். பிரிச்சுப் பாத்துட்டு அரை மணில தச்சுக் குடுத்துர்றேன்."

"ஊசியா? பொண்ணும் மாப்ளயும் படுக்கிற மெத்தைலயா?"

"அம்புட்டு நீள ஊசிய உள்ள விட்டுட்டு அப்பிடி என்னய்யா தொழில் பண்றே நீ?" என்று மச்சினன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள்.

"மாப்ள பாவம்டி" என்றாள் ஒருத்தி. "மொத நாளே ஊசி குத்துனா மாமியார் வீடுன்னா என்னன்னு அன்னைக்கே தெரிஞ்சுரும்." நாலு பேர் சிரித்தார்கள்.

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. அறை வாசலை மறித்து நின்றாள்.

"பூ வச்சு எடுத்துட்டு வந்த மெத்தைல தாலி ஏறுறதுக்கு முன்னால கத்தி படக்கூடாது. எங்க வீட்டுல அப்பிடி ஒரு வழக்கமே இல்ல. ஊசி இருந்தா இருக்கட்டும். வேற மெத்தை அனுப்புங்க. இத நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போங்க."

"நாளைக்கா?" என்றாள் பக்ருன்னிசா.

அவள் குரலில் என்ன இருந்ததோ, கல்யாணப்பெண் தமிழ்வாணி உள்ளேயிருந்து வந்து நின்றாள். ரெண்டு கையிலும் மருதாணி. விரல்களை விரித்துத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா, நெசமாவே ஊசிதானா?"

பக்ருன்னிசா புருஷனைப் பார்க்கவில்லை. "இல்லத்தா. எங்க பூனைக்குட்டி. தச்சுட்டோம்."

வாசலில் தேங்காய் உரிக்கிற சத்தம் நின்றது. ஜுல்பிகர் கண்ணை மூடிக்கொண்டான். நல்லகாமன் முகம் கறுத்தது. சீர் மெத்தைக்குள் ஒரு சாவு கிடப்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். மச்சினன் ஓங்கிய கையை இறக்கி, ஓரடி பின்னால் போனான்.

"அம்மா, வழிய விடு" என்றாள் தமிழ்வாணி.

"அடியே, நீ பேசாத. சாமி காரியம்."

"வழிய விடுன்றேன்ல. அது உள்ள கெடக்கையில நான் தாலி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

ஒச்சம்மாள் விலகினாள். விலகும்போது அவள் உதடு ஏதோ வேண்டிக்கொண்டது.

பக்ருன்னிசா மெத்தைமேல் காதை வைத்தாள். பலகார எண்ணெய் கொதிப்பதும் தன் நெஞ்சு அடிப்பதும்தான் கேட்டது. உள்ளங்கையால் மெல்ல அழுத்திக்கொண்டு போனாள். இரண்டாவது வரிசையில் ஒரு முடிச்சு, மற்ற முடிச்சுகளைவிட ஆழமாக இழுபட்டிருந்தது. அதைச் சுற்றித் துணியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கறை. காய்ந்து பழுப்பாகியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"வாய்ப் பக்கம் பிரிக்க வேணாம். இங்கயே கிழிங்க" என்றாள்.

ஜுல்பிகர் கத்தரித்தான். துணி கோணலாகக் கிழிந்தது. பஞ்சு பொங்கி வந்தது. அவள் அள்ளி அள்ளி வெளியே போட்டாள். மின்விசிறியை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பஞ்சு அறை முழுக்கப் பறந்து பெண்களின் எண்ணெய்த் தலைகளிலும் தமிழ்வாணியின் ஈர மருதாணியிலும் ஒட்டியது. யாரோ செல்போன் வெளிச்சம் பிடித்தார்கள். முழங்கை ஆழத்தில் அவள் விரலுக்குச் சூடு தட்டியது.

சூடு. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஊசி நூல் பின்னங்காலின் தொடைச் சதைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. மேலும் கீழும் முடிச்சு. நவாபை மெத்தையோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஜுல்பிகர் நூலை ரெண்டு பக்கமும் வெட்டினான். அவள் குட்டியைத் தூக்கினாள். மூக்கும் வாயும் பஞ்சு அடைத்திருந்தன. விரல் நுனியால் தோண்டி எடுத்தாள். விலா எலும்பு ஏறி இறங்கியது. மிக வேகமாக. கண் திறந்தது. சுற்றி நின்ற பதினைந்து இருபது முகங்களைப் பார்த்தது.

வாய் அகலத் திறந்தது. நாக்கு வெளியே தெரிந்தது. சத்தம் வரவில்லை.

"கத்துடா" என்றாள் பக்ருன்னிசா. "போயாச்சுடா, யாருமில்ல. கத்து."

அது மறுபடி வாயைத் திறந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பியது. அவள் ஊதுவாள் என்று நினைத்திருக்கும்.

"ஏன்க்கா கத்தல? தொண்டைல அடிபட்டுருச்சா?" என்று கேட்டாள் தமிழ்வாணி.

"இல்லத்தா. நான்தான் கத்தக் கூடாதுன்னு பழக்குனேன்."

ஒச்சம்மாள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள். பிறகு வாடிய பூவை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஜுல்பிகர் வேறொரு பெரிய மெத்தையைக் கொண்டுபோய் இறக்கினான். நல்லகாமன் வாங்கிக்கொண்டார். கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. தமிழ்வாணி இப்போது டி. கல்லுப்பட்டியில் இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை. ஒச்சம்மாள் அந்தக் குழந்தைக்கு எது வந்தாலும் அந்த மெத்தையைச் சொல்லி ஒருமுறை பயப்படுவாளாம். திருமங்கலம் பக்கத்திலிருந்து கடைக்கு வருகிற கூட்டம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. முகம்மது கனி அடுத்த மழைக்காலத்தில் மௌத்தாகிவிட்டார். ஜுல்பிகர் இன்றைக்கும் பஞ்சைத் தார்ப்பாயில் கொட்டி, கையால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் திணிக்கிறான். ஊசி லேசாகத் தட்டினாலும் பிரித்துவிடுகிறான்.

நவாபு பிழைத்தது. வளர்ந்து பெரிய கடுவன் பூனையாகிவிட்டது. இடது பின்னங்கால் ஊன்றாது. பக்ருன்னிசா ரெண்டு வருஷம் அதைக் கத்தவைக்கப் பார்த்தாள். பசிக்கவிட்டுப் பார்த்தாள், பால் கிண்ணத்தை எட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தானே அதன் முன்னால் உட்கார்ந்து பூனை போலக் கத்திப் பார்த்தாள். அது அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதுவரை கத்தியதில்லை.